மலையாளத்துக்கு நான் போடாத டிக்

நீங்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்த அன்றே அட்மின் பாஸ்வேர்டு எப்போது கிடைக்கும் என்று கேட்டீர்கள். தந்துவிட்டேன். ஒப்படைப்புக் கோப்பையும் தந்துவிட்டேன். எந்த மெயில் பெட்டி யாருடையது, பேக்கப் எங்கே இருக்கிறது, எந்தச் சான்றிதழ் எப்போது காலாவதியாகும், ஒரு தோட்டத்தில் இணையம் போனால் யாரைப் பிடிக்க வேண்டும் எல்லாம் அதில் இருக்கின்றன. நான் பட்டியல் போட்டே வாழ்கிறவள். ஊருக்குப் போகப் பை எடுத்தால்கூட முதலில் ஒரு தாளை எடுப்பேன் என்று வீட்டில் சிரிப்பார்கள்.

இந்த மாதக் கடைசியில் நான் விலகுகிறேன். ஆறு வருட வேலையில் கோப்புக்குள் அடங்காத நாள் ஒன்று உண்டு. அதை மட்டும் தனியாக எழுதித் தருகிறேன். இதில் நான் செய்த தவறு இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நம் நிறுவனம் எப்படி ஓடுகிறது என்று மூன்று நாளில் ஓரளவு பார்த்திருப்பீர்கள். அலுவலகம் இங்கே கம்பத்தில். ஏலக்காய்த் தோட்டங்கள் மெட்டு என்கிற மலைக் கணவாய்க்கு மேலே, கேரளப் பக்கம். காய் எடுக்கும் பெண்கள் கம்பத்தையும் சுற்று ஊர்களையும் சேர்ந்தவர்கள். காலை ஐந்தே முக்காலுக்கு ஜீப்பில் ஏறிப் போய், சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கி வருகிறார்கள். எந்த ஜீப் தோட்டத்தின் எந்தப் பகுதிக்கு, அதாவது எந்த பிளாக்குக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்பவர் மேரி அக்கா. தோட்டத்தில் இருக்கும் எழுத்தர் ஜோபி முந்தின நாள் சாயங்காலம் மெயில் அனுப்புவார். எங்கே காய் பழுத்திருக்கிறது, எங்கே ஆள் வேண்டும், எங்கே மருந்து அடித்திருக்கிறது என்று அதில் இருக்கும். மேரி அக்கா காலை ஐந்து மணிக்கு அதை மறுபடி படித்து, ஜீப் நிறுத்தத்தில் நின்று ஆட்களைப் பிரித்து ஏற்றுவார்.

மருந்தடிப்பு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்குக் காய் எடுக்க ஆள் வராது. அடித்த பிளாக்கில் சில நாட்கள் யாரையும் இறக்கக் கூடாது. ஆகவே திங்கட்கிழமைக்கான மெயில்தான் வாரத்திலேயே முக்கியமான மெயில். இதை அன்றைக்கு நான் அறிந்திருக்கவில்லை. அது எந்த நேரத்தில், எத்தனை கேபி அளவில் வரும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அப்போது நம் மெயில் சர்வர் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. மழை பெய்தால் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போடுவோம். அதை விட்டுவிட்டு மெயில், குழு அரட்டை, பகிர்வுக் கோப்புகள் எல்லாவற்றையும் இப்போது நீங்கள் பார்க்கும் புதுச் சேவைக்கு மாற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. இங்கே சேர்ந்து இரண்டாம் வருடம். முழுதாக என் கையில் வந்த முதல் வேலை.

அதற்கு முன்பாக நான் இரண்டு காரியம் செய்தேன்.

ஒன்று. ஜோபி மெயில் அனுப்பியதும் மேரி அக்காவுக்குப் போன் போடுவார். "சேச்சி, மெயில் கண்டோ?" அக்கா "கண்டேன்" என்பார். அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகாது. சில நாட்கள் போனிலேயே ஏதாவது மாறும். பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று மேலேயும் கீழேயும் சண்டை வரும். அதைத் தீர்க்கிறேன் என்று ஒரு சுற்றறிக்கை அடித்து ஒட்டினேன். பிளாக் ஒதுக்கீடு பற்றித் தொலைபேசியில் தகவல் சொல்ல வேண்டாம், மெயில் மட்டுமே செல்லும் என்று.

மேரி அக்கா அதைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"ஏன் பிள்ள, ஒரு வார்த்த போன்ல சொன்னா என்னா கொறஞ்சு போச்சு?"

"ரெண்டு எடத்துல சொன்னா ரெண்டு விதமா ஆயிருதுக்கா. ஒரே எடத்துல இருந்தா ரெக்கார்டு இருக்கும்."

"ரெக்கார்டு இருக்கும். சரி." அக்கா தன் மேசைக்குத் திரும்பிப் போனார். அவர் ஒத்துக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது காரியம் இன்னும் சிறியது. பழைய சர்வரில் புரியாத எழுத்துகளில் குப்பை மெயில் வந்து குவியும். புதுச் சேவையின் ஃபில்டரில் ஒரு வசதி இருந்தது. எந்தெந்த மொழி மெயிலை ஏற்கலாம் என்று டிக் போட்டால், மற்ற மொழி மெயில்கள் உரியவருக்குப் போகாமல் குவாரன்டைன் என்கிற தனிப் பெட்டியில் நின்றுவிடும். நீண்ட மொழிப் பட்டியல் அது. தமிழுக்கு ஒரு டிக், ஆங்கிலத்துக்கு ஒரு டிக். அரை நிமிட வேலை. அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

நான் உத்தமபாளையத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டுக்கு ஏலக்காய் விஷயமாக வருகிறவர்களில் பாதிப் பேர் மலையாளம் பேசுவார்கள். ஜோபியிடம் நானே பாதி மலையாளத்தில்தான் பேசுவேன். கம்பத்து டீக்கடையில் மலையாளப் பத்திரிகை தொங்கும். ஆனாலும் அந்தப் பட்டியலில் மலையாளம் என்ற வரியைக் கடந்துதான் போயிருக்கிறேன். எனக்கு மலையாளம் காதில் தெரியும், கண்ணில் தெரியாது. வாசிக்கத் தெரியாத மொழியில் என் அலுவலகம் பாதி நாள் நடக்கிறது என்பது அந்த அரை நிமிடத்தில் தோன்றவில்லை.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். மாற்றத்துக்கு முந்தின வாரம் மூன்று தோட்டங்களுக்கும் நேரில் போனேன். ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து சோதனை மெயில் அனுப்பினேன். எல்லாம் வந்து சேர்ந்தன. பட்டியலில் பச்சைக் கோடு போட்டேன். அந்தச் சோதனை மெயில் எல்லாவற்றையும் எழுதியது நான். 'டெஸ்ட் ஒன்று', 'டெஸ்ட் இரண்டு' என்று ஆங்கிலத்தில். ஜோபியை ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கலாம். நாற்காலியை விட்டு எழுந்தால் போதுமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் தொடங்கி ஞாயிறு மத்தியானம் மாற்றம் முடிந்தது. ஒரு தடங்கலும் இல்லை. திங்கள் காலை ஆறரைக்கே அலுவலகம் வந்துவிட்டேன். முதல் வேலை நாள், கூட இருந்து பார்க்க வேண்டும் என்று. திரையில் குவாரன்டைன் எண்ணிக்கை அறுபத்தொன்று என்று காட்டியது. ஃபில்டர் நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பட்டியல் பைத்தியமான நான் அந்தப் பட்டியலைத் திறக்கவில்லை.

ஜீப்புகளை அனுப்பிவிட்டு மேரி அக்கா படியேறி வந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏ பிள்ள சுகன்யா, உன் புது மெயிலு பேசவே மாட்டேங்குது" என்றார்.

"என்னக்கா?"

"சனிக்கிழமையில இருந்து மேல இருந்து ஒண்ணுமே வரல. பழைய ஒதுக்கீட்ட வச்சேதான் ஆள ஏத்திவிட்டேன். ஜோபி என்னா, மௌன விரதமா? மருந்தடிச்சா எழுதாம இருக்க மாட்டாகளே."

"மருந்தடிக்கலையோ என்னமோக்கா."

இந்த வாக்கியத்தைக் குறித்து வையுங்கள். தகவல் வரவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவள் கடைசியாகச் சொல்ல வேண்டிய வாக்கியம் அது.

"மழ விட்டு மூணு நாளாச்சு. அடிக்காம இருப்பாகளா?" என்றார் அக்கா. அவர் பார்வை என் திரைக்குப் போயிற்று. "அது என்னா அறுவத்தொண்ணு?"

பெருமையாகத் திறந்து காட்டினேன். முதல் வரியிலேயே ஜோபியின் பெயர். அடுத்ததிலும். திரை முழுக்க மலையாள எழுத்து.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. உடனே புரிந்ததுதான் அடுத்த தவறுக்குக் காரணம். அமைப்புப் பக்கத்துக்குப் போனேன். மொழிப் பட்டியலைத் திறந்தேன். மலையாளத்துக்கு டிக் போட்டேன். சேமித்தேன். நிறுத்தி வைத்த மெயில்கள் தாமாக விடுபடுமா, கையால் விட வேண்டுமா என்று உதவிப் பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அறுபத்தொன்றையும் மொத்தமாக விட்டால் நிஜமான மோசடி மெயிலும் உள்ளே போய்விடுமே என்று வேறு யோசனை. நான் வேலை செய்துகொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் போயிருக்கும்.

மேரி அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஆத்தா, பொட்டிய அப்புறம் ரிப்பேரு பாரு. அங்கன ஜீப்பு போயிக்கிட்டு இருக்கு. எந்திரி. எனக்கு அதக் காட்டு."

எழுந்தேன். அக்கா உட்கார்ந்து, திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். சின்ன வயதில் மேலே எஸ்டேட் பள்ளியில் படித்தவர் அவர். "இது ரசீது. இது லீவு லெட்டர். இது கல்யாணப் பத்திரிக்கை, யாருக்குன்னு தெரியல. இது…" விரல் நின்றது. திறக்கச் சொன்னார். திறந்தேன். ஞாயிறு சாயங்காலம் வந்த அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தார்.

"நாலாம் பிளாக்கு இன்னிக்கி மருந்தடிச்சாச்சு. புதன் வரைக்கும் யாரையும் எறக்க வேணாம்."

அக்கா திரையிலிருந்து விரலை எடுத்தார்.

"நாலாம் பிளாக்குக்கு பாண்டியம்மா ஆளுக போற ஜீப்ப அனுப்பியிருக்கேன்" என்றார் அக்கா. "பதினோரு பேரு."

மணி ஏழுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. ஜீப் ஏழேகாலுக்குள் பிளாக் ஓரத்தில் அவர்களை இறக்கிவிடும். தோட்ட அலுவலகத்தைத் தொடாமலே போகிற பாதை அது. வழியில் தடுத்துச் சொல்ல ஆள் கிடையாது.

"மொதல்ல மேனேஜர்கிட்ட சொல்லிருவோம்க்கா" என்று போனை எடுத்தேன்.

"மேனேஜர் என்னா, பறந்து போயி நிப்பாட்டுவாகளா? வையி போன. ஜீப்புக்குப் பக்கத்துல யாரு இருக்காகன்னு யோசி."

அந்த ஒரு வரியில் எனக்குத் தலை தெளிந்தது. ஒரு தாளை எடுத்து எழுதினேன். என் வாழ்க்கையிலேயே சிறிய பட்டியல்: டிரைவர், மெட்டில் இருக்கும் டீக்கடை, ஜோபி. டிரைவருக்கு டவர் இல்லை. அந்த ஜீப்பில் காய் எடுக்கப் போகும் பாண்டியம்மாவுக்கும் அதே. செக்போஸ்ட்டை ஒட்டிய டீக்கடையில்தான் ஜீப்புகள் நிற்கும். அங்கே லேண்ட்லைன் உண்டு. அக்காதான் பேசினார்.

"அந்த வெள்ள ஜீப்பா? இப்பத்தான் போனாக. கிளாஸ் கூட இன்னும் கழுவல" என்றார் கடைக்காரர்.

ஜோபிக்கு நான் போட்ட போன் இரண்டு முறை மணி அடித்து நின்றது. மூன்றாம் முறை எடுத்தார்.

"ஞான் நேத்து சாயங்காலமே மெயில் அயச்சல்லோ மேடம்! கண்டில்லே?"

"கண்டில்ல ஜோபி. என் தப்பு. நாலாம் பிளாக்குக்கு ஆள் போயாச்சு. இப்ப எங்க இருக்கீங்க?"

கீழ் ஸ்டோரில் இருந்தார். பைக்கில் போனால் இருபது நிமிடம், பாதையில் சேறு. "போகுவா", இதோ போகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்களால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். எதிர்ச் சுவரில் என் சுற்றறிக்கை, கீழே என் கையெழுத்து.

"அஞ்சு மணிக்கு ஜோபிக்கு அடிக்கலாம்னு போன எடுத்தேன்" என்றார் மேரி அக்கா, அந்தச் சுவரைப் பார்த்தபடி. "அப்புறம் உன் பேப்பர் ஞாபகம் வந்துச்சு. வச்சிட்டேன்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. தன் மேலேயே கோபப்படுகிற குரல். நான் அதுவரை டிக்கைத்தான் தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த ஃபில்டரிலும் ஓட்டை விழும். விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஒரு நிமிடப் போன் இருந்தது. அந்தப் போனை வேண்டாம் என்று எழுதி ஒட்டியவள் நான். ஒரே வாரத்தில் இரண்டையும் செய்திருந்தேன்.

ஏழே முக்காலுக்கு ஜோபி அழைத்தார். மூச்சு வாங்கியது. அவர் போவதற்குள் ஆறு பேர் உள்ளே இறங்கிவிட்டார்கள். மலையில் மட்டும் விழுந்த விடியற்காலைத் தூறலில் மருந்து வாடை அமுங்கியிருந்ததால் முதலில் யாருக்கும் தெரியவில்லை. பாண்டியம்மா இலையைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, எல்லோரையும் மேலே ஏறச் சொல்லிக் கத்தியிருக்கிறார். ஜோபி போனபோது அவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரம் உள்ளே இருந்திருப்பார்கள். முத்துலட்சுமி என்கிற பெண்ணுக்கு மட்டும் கண் எரிச்சல், வாந்தி. அவளை ஜீப்பிலேயே தோட்ட மருந்தகத்துக்குக் கொண்டு போயாயிற்று. மற்றவர்கள் கை கால் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

மத்தியானம் வரை நான் எதையும் சாப்பிடவில்லை. பன்னிரண்டு மணிக்கு, முத்துலட்சுமி கஞ்சி குடித்தாள், பயமில்லை என்று தகவல் வந்தது. மேரி அக்கா மேசையில் தலை சாய்த்துக் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகம் கழுவிவிட்டு மறுநாள் ஒதுக்கீட்டை எழுத உட்கார்ந்தார்.

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். என்னைக் காப்பாற்ற நினைத்தார்.

"சர்வர் மாத்துனதுல ஏற்பட்ட கோளாறுன்னு சொல்லிருவோம். பொய் ஒண்ணும் இல்லையே?"

பொய் இல்லைதான். நீங்களும் அந்த வாக்கியத்தை எழுதும் நிலைக்கு ஒருநாள் வருவீர்கள். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று தொடங்கினால் அதில் ஆள் இருக்கமாட்டார். கேட்பவர்கள் மேலே கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால், மறுநாள் காலை ஜீப்பில் ஏறுகிற பெண்ணுக்கு ஒரு இயந்திரம் கெட்டுப்போய்ச் சரியாயிற்று என்பது மட்டும்தான் தெரியும். எது மாறியது, யாரை நம்பி ஏறுவது என்று தெரியாது. நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

சாயங்காலம் ஜீப் நிறுத்தத்துக்குப் போனேன். அதற்கு முன்பு அங்கே நான் ஒருமுறைகூட நின்றதில்லை. இரண்டு வருடம் இவர்களுக்கான மெயிலைச் சுமந்த சர்வரைப் பார்த்துக்கொண்டவள், இவர்களில் ஒருவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

வெள்ளை ஜீப் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் பாண்டியம்மா. ஐம்பது வயது இருக்கும். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் முத்துலட்சுமி. என் வயதுதான். கண் இன்னும் சிவந்திருந்தது.

"அக்கா, நான் ஆபீஸ்ல மெயில் பார்க்கிறவ" என்று தொடங்கினேன். எளிமையாகச் சொல்ல முயன்றேன். மலையாளத்தில் வந்த மெயிலை உள்ளே விடாமல் நிறுத்திவிட்டது, அதனால்தான் மேரி அக்காவுக்குத் தெரியாமல் போயிற்று.

"யாரு நிப்பாட்டுனது? அந்த மிசினா?"

"இல்லக்கா. நாந்தான். அதுக்கு மலையாளத்த விடச் சொல்லல. அதோட, போன்ல சொல்ல வேணாம்னு எழுதிப் போட்டதும் நாந்தான்."

யாரோ பின்னால், "இங்கன கெடந்துக்கிட்டு மலையாளம் வேணாமாம்ல" என்றார்கள். இன்னொருத்தி, "அப்ப மேல போயி என்னா இங்கிலீசா பேசுறோம்?" என்றாள். சிரிப்பு எழுந்தது. முத்துலட்சுமி சிரிக்கவில்லை.

"எம் பிள்ளைக்கு எட்டு மாசம்" என்றாள் என்னைப் பார்த்து. "இன்னிக்குப் பூராம் பால் குடுக்க வேணாம்னு நர்சம்மா சொல்லிட்டாக."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த பாண்டியம்மா என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கி எந்தக் காடுன்னு யாரு சொல்லுவா?" பிளாக்கை அவர்கள் காடு என்பார்கள்.

"மேரி அக்கா. ஜோபிகிட்டப் போன்ல கேட்டுட்டுச் சொல்லுவாக."

"மெயிலு?"

"அதுவும் வரும்."

"அப்ப நீயும் வா" என்றார். "அஞ்சரைக்கு. வந்து, இது ஜோபி சொன்னதுதான்னு உன் வாயால சொல்லு. அப்பத்தான் ஏறுவோம்."

மறுநாள் ஐந்து மணிக்கு மேரி அக்காவோடு உட்கார்ந்து மெயிலைப் பார்த்தேன். ஜோபியிடம் போனில் கேட்டேன். ஐந்தரைக்கு ஜீப் நிறுத்தத்தில் நின்று, எந்த ஜீப் எந்த பிளாக், எந்த பிளாக்கில் மருந்து என்று சத்தமாகச் சொன்னேன். முதல் நாள் குரல் எழும்பவில்லை. "சத்தமா, தாயி" என்றார்கள். காய் எடுக்கும் அந்தப் பருவம் முடியும் வரை ஒவ்வொரு நாளும் போனேன். போகப் போக எனக்கே தெரியவந்த விஷயங்கள் பல. எந்த பிளாக்கில் டவர் இருக்கிறது, யாருக்கு எழுத்துப் படிக்கத் தெரியும், எந்த டிரைவர் டீக்கடையில் நிற்கமாட்டார். உங்கள் கோப்பில் பன்னிரண்டாம் பக்கத்தில் 'அவசரத் தொடர்பு' என்று இருப்பது அப்படிச் சேர்ந்தது. மூன்றாவது வாரம் முத்துலட்சுமி ஜீப்பில் ஏறும்போது, "இன்னிக்கி எங்களுக்கு எந்தக் காடு?" என்று என்னிடம் நேராகக் கேட்டாள். ஏழாம் பிளாக் என்றேன். "மருந்து?" இல்லை என்றேன். ஏறிக்கொண்டாள்.

சுற்றறிக்கை இன்னும் அதே சுவரில் இருக்கிறது. கிழிக்க வேண்டாம் என்று சொன்னது மேரி அக்காதான். ஒரு வரியை அடித்துவிட்டு, கீழே பேனாவால் எழுதியிருப்பேன்: 'மெயில் அனுப்பியதும் போனில் கேட்கவும்.' எப்போதாவது உங்களுக்கு அந்தப் போன் வீண் வேலை என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும். புதுச் சேவை வருடக் கணக்கில் ஒழுங்காக ஓடுகிறது, அந்தப் போன் அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் தேவைப்பட்டதில்லை. அப்படித் தோன்றும் நாளில் அந்தக் காகிதத்தின் எதிரில் உள்ள நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

பருவம் அடுத்த வாரம் தொடங்குகிறது. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு ஜீப் நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள். லேப்டாப் வேண்டாம். பாண்டியம்மாவிடம் உங்கள் இருவர் பெயரையும் சொல்லி வைத்திருக்கிறேன். ஒதுக்கீட்டை இந்த முறை நீங்கள்தான் வாசிக்கப் போகிறீர்கள். சத்தமாக வாசியுங்கள், கடைசி ஜீப்பில் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும்.